நாட்டு வளம் பாடும் நேரம்

நாஞ்சில் நாட்டுக் கொடை விழாவில் வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலை நாணில் தட்டியதுமே கதை தொடங்கிவிடும் என்று முன்வரிசையில் சம்மணம் போடுகிறவர் நிச்சயம் வெளியூர்க்காரர். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் எல்லாம் ஆகவேண்டும். அதற்குப் பிறகும் கதை வராது, நாட்டு வளம்தான் வரும். ஆறு எப்படிப் பாய்ந்தது, வயல் எப்படி விளைந்தது என்று குடமும் உடுக்கும் சாவகாசமாகப் போகும். உள்ளூர்க்காரர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவார்.

ராத்திரியில் ஆர்.பி.ஜி. கேம் ஆடுகிறவனுக்கு இந்த மந்தம் பழகியதுதான். 'பெர்சோனா 4' புது ஊர், புதுப் பள்ளிக்கூடம் என்று மணிக்கணக்கில் பேச்சிலேயே ஓட்டும். எனக்கு அது பிடிக்கும். 'ஃபைனல் ஃபேன்டசி 13' 2009இல் வந்தது. பதினோராம் அத்தியாயம் வரை நீண்ட நடைபாதைதான். அதில் டீ குடிக்கப் போகவும் வழியில்லை, நின்று வேடிக்கை பார்க்கவும் ஒன்றுமில்லை. 'விட்சர் 3' சாமர்த்தியசாலி. முதலில் ஒரு சின்னக் கிராமத்தில் நம்மைச் சுற்றவிட்டு, அங்கே இருப்பவர்களின் வம்புதும்புகளில் இழுத்துவிட்டுத்தான் பெரிய உலகத்தைத் திறக்கிறது.

ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வந்த தம் நூலில் நாஞ்சில் நாட்டுப் பகுதியின் வில்லுக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரித்துக் காட்டினார். சுடலைமாடன் கயிலையில் பிறந்தவன், தெய்வமாகவே வருகிறான். இசக்கியோ மனுஷியாக வாழ்ந்து, கொலையுண்டு தெய்வமானவள். மெதுவான தொடக்கம் அதிகம் தேவைப்படுவது இவளுக்குத்தான் என்பது என் கட்சி.

பின்னால் இசக்கியாகப் போகும் தாசி லட்சுமி, அவள் பொருளைத் தின்று தீர்த்த வேதியன், அவனை விரட்டிய தாய்க்கிழவி, நகைகளோடு அவன் பின்னால் ஓடிய பேதைமை: இதெல்லாம் ஆற அமரப் பாடப்பட்ட பிறகே காடு வருகிறது. களைத்தவள் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். நல்ல புலவர் இந்த இடத்தில் தாளத்தைக் கீழே இறக்குவார். வேதியன் மணலைக் கூட்டுகிறான். மெல்ல அவள் தலையைத் தூக்கி மணல்மேட்டில் வைக்கிறான். கல்லைத் தேடிப் போகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி, ஒவ்வோர் அடியையும் பக்கப்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். சாட்சிக்கு ஒரு கள்ளிச்செடிதான். கல் விழுந்ததும் குடமும் உடுக்கும் ஒன்றாக எகிறும். சாமியாடும் கோமரத்தாடியின் தோள் குலுங்கத் தொடங்கும்.

புலவரின் கணக்கு இங்கேதான். சாமக்கொடைக்குச் சாமி வந்தாக வேண்டும். கோமரத்தாடியைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே இன்னும் இரண்டு அடி நீட்டலாமா, வெட்டிவிடலாமா என்று முடிவு செய்வார். கேம் எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது; கொட்டாவி விடும் என் முகம் அவருக்குத் தெரியாது.

நேரமில்லை என்று நாட்டு வளத்தை நாலே அடியில் முடித்துக்கொள்ளும் குழுக்களையும் கேட்டிருக்கிறேன். அங்கேயும் கல் விழத்தான் செய்கிறது. ஆனால் செத்தது யாரோ ஒருத்தி.