வளையத்தைக் குலத்தால் அளக்கலாமா?

மேலகரத்துக்கு அருகே, குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் 1901-ல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை. அவர் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இன்னும் முடியவில்லை. 4, 8, 9, 16, 25, 27 என வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்குகளாக வரும் எண்களை வரிசைப்படுத்தினால், குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் கொண்ட ஜோடிகள் எத்தனை? எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அவை எண்ணி முடிக்கக்கூடியவையே என்பது பிள்ளையின் ஊகம்.

இத்தகைய கேள்விகளுக்கு இயற்கணிதக்காரர்கள் கையிலெடுப்பது வகுப்புக் குலம். பூஜ்யமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூஜ்யம் வராத வளையத்தைக் கல்லூரியில் இண்டெக்ரல் டொமைன் என்பார்கள். அதனோடு ஒரு குலத்தை இணைத்து, குலத்தைக் கொண்டு வளையத்தின் குணத்தைச் சொல்வது வழக்கம். முழு எண்களோடு √−5-ஐச் சேர்த்த வளையத்தில் 6 என்பது 2 × 3. அதுவே (1 + √−5)(1 − √−5). காரணிப்படுத்தல் ஒரே விதமாக இல்லை. வளையத்தின் ஐடியல்களை, தனி எண் ஒன்றால் உண்டானவற்றை ஒரே வகுப்பாக வைத்து, வகுப்புகளாகப் பிரிப்பது வகுப்புக் குலம்; இந்தக் கோளாறு எவ்வளவு என்பதை அது அளக்கிறது. இங்கே அதன் உறுப்புகள் இரண்டு. ஒன்றே ஒன்று என்றால் கோளாறே இல்லை.

நம் எம்.எஸ்ஸி. பாடம் பெரும்பாலும் இந்த 6-ஓடு நின்றுவிடுகிறது. உண்மையான பலன் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு வர்க்கத்தோடு 5 கூட்டினால் கனம் கிடைக்குமா? காரணிப்படுத்தல் கெட்டுப்போன அதே வளையத்தில்தான் இதற்கு விடை காண வேண்டும். வர்க்கமாக்கும் எண்ணோடு √−5-ஐக் கூட்டினால் வரும் தனி எண் உண்டாக்கும் ஐடியல், வேறோர் ஐடியலின் கனமாகக் கிடைக்கிறது. குலத்தின் அளவு 2; அது 3-ஓடு பொதுக் காரணி இல்லாதது. ஆகவே அந்த மூல ஐடியலும் தனி எண் ஒன்றால் உண்டானதே. அந்த எண்ணை அ + ஆ√−5 என்று வைத்துக் கனம் எடுத்து, √−5-இன் கெழுவை ஒப்பிட்டால் ஆ(3அ² − 5ஆ²) = 1 என்று வரும். ஆ என்பது 1 அல்லது −1. அப்போது 3அ² என்பது 6 அல்லது 4. இரண்டுக்கும் முழு எண் இல்லை. எனவே அப்படி ஒரு கனமும் இல்லை. ஒழுங்கு கெட்ட இடத்திலும், எவ்வளவு கெட்டது என்று தெரிந்தால் வேலை நடக்கும். இந்த வழக்கத்தின் பெரிய தகுதி இதுதான்.

ராமானுஜன் 1913-ல் கேட்டதும் இந்த வகைதான்: வர்க்கத்தோடு 7 கூட்டி 2-இன் அடுக்கு எப்போது கிடைக்கும்? 1, 3, 5, 11, 181 மட்டுமே என்று 1948-ல் நாகல் நிறுவினார். இன்று பாடநூல்களில் வரும் நிரூபணம் √−7 சார்ந்த வளையத்தில் நடக்கிறது; அங்கே குலம் ஒற்றை உறுப்பு. ஆனால் குலம் வாசலைத் திறந்துவிடுவதோடு சரி. உள்ளே போய் 181-ஐயும் (181² + 7 = 2¹⁵) சேர்த்துப் பிடித்து, வேறு இல்லை என்று காட்டுவது மீதி எண்களை வைத்துச் செய்யும் தனிப்பாடு. இதைப் பலர் குலத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

குறை இன்னும் ஆழமானது. 1966-ல் கிளாபோர்ன், எந்த ஆபெலியன் குலத்தை எடுத்தாலும் அதையே வகுப்புக் குலமாகக் கொண்ட டெடெகிண்ட் வளையம் (ஐடியல்கள் பகா ஐடியல்களாக ஒரே விதமாகப் பிரியும் வளையம்) உண்டு என்று நிறுவினார். எந்தக் குலமும் வரலாம் என்றால், டெடெகிண்ட் வளையம் என்பது மட்டும் குலத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. எந்தக் குலத்தை இணைப்பது என்பதிலும் ஒரே பதில் கிடையாது. ஒரு கூம்பின் உச்சியில் உள்ள உள்ளூர் வளையத்தில், நேர்மாறு உள்ள ஐடியல்களை மட்டும் வைத்துக் கட்டும் பிக்கார்டு குலம் ஒற்றை உறுப்பு. பகுப்பான்களை வைத்துக் கட்டும் வகுப்புக் குலத்துக்கோ உறுப்புகள் இரண்டு. பிக்கார்டை மட்டும் பார்த்தவர் அங்கே பழுதே இல்லை என்பார். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் பியேர் சாமுவேல் நிகழ்த்தி, பவமான் மூர்த்தி குறிப்பெடுத்து 1964-ல் வந்த விரிவுரைகள், இரண்டாவது குலத்தையே முதன்மையாக எடுத்ததற்கு நியாயம் இருக்கிறது.

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வித்தியாசம் 1 என்றால் 8, 9 மட்டுமே என்று 2002-ல் மிஹைலெஸ்கு நிறுவினார். அதற்கு முன் இன்கேரி போன்றோர், அடுக்காக வரும் பகா எண்ணைச் சார்ந்த வளையங்களின் வகுப்புக் குலத்தின் அளவை வைத்து நிபந்தனை போட்டார்கள். பெரிய பகா எண்களுக்கு அந்த அளவைக் கணக்கிடுவதே பெரும்பாடு. மிஹைலெஸ்கு அளவைக் கேட்கவில்லை. குலத்தின் எல்லா உறுப்புகளையும் அற்றதாக்கும் செயல்கள் எவை என்று கேட்டார். குலம் அதேதான், அதை ஓர் எண்ணாகச் சுருக்கியதுதான் தடையாக இருந்தது. வித்தியாசம் 2-க்கு இதுவும் உதவவில்லை. 25, 27 தவிர இன்னொரு ஜோடி இதுவரை அகப்படவில்லை. இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை.