ஓரங்களில் பூசிய இருட்டு

'தி இன்னசென்ட்ஸ்' (1961) படத்தில் ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸுக்கு வந்த சிக்கல், திரையின் அகலம். இயக்குநர் ஜாக் கிளேட்டனுக்கு சினிமாஸ்கோப் பிடிக்கவில்லை. பணம் போட்ட டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அதில்தான் எடுக்க வேண்டும் என்று நின்றது. கதையோ ஒரு பெரிய வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, மெல்ல மூச்சுமுட்டிப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. அகலத் திரை அதற்கு நேரெதிர். ஃபிரான்சிஸ் ஃபில்டர்களின் ஓரங்களில் கையால் வண்ணம் பூசி லென்ஸுக்கு முன்னால் மாட்டினார். திரை அகலமாகவே இருந்தது. நாம் பார்க்கக் கிடைத்த இடம் மட்டும் சுருங்கிவிட்டது.

இதை முதலில் படித்தபோது ஓர் என்ஜினியராக எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். ஓரம் இருண்டிருப்பதால் கண் அங்கேயேதான் போகிறது. அங்கே ஆள் நிற்கிறானா இல்லையா? செத்துப்போன வேலைக்காரர்களின் ஆவியை அவள் நிஜமாகவே பார்க்கிறாளா, இல்லை அவள் மனம்தான் புரண்டுவிட்டதா? படம் கடைசிவரை சொல்லாது. ஓரத்து இருட்டும் சொல்லாது.

இப்பேர்ப்பட்ட ஆள் அடுத்த சில வருடங்களில் கேமராவை விட்டுவிட்டு இயக்குநராகிவிட்டார். 1960இல் வந்த 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' படத்துக்காக ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியிருந்தார். அந்தப் படத்தை இயக்கிய ஜாக் கார்டிஃபும் ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர்தான், 'பிளாக் நார்சிஸஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். அவரும் பின்னாளில் கேமராவுக்கே திரும்பினார். ஆக, ஒரே செட்டில் இந்த வியாதி இரண்டு பேருக்கு.

வியாதி என்று சும்மா சொல்லவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் என்னை டிசைன் மேசையிலிருந்து தூக்கி, ஆட்களை மேய்க்கும் பதவியில் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். சம்பளம் கூடும், கணக்குப் போடுவது நின்றுவிடும். வேண்டாம் என்றால் 'உனக்கு ஆம்பிஷனே இல்லையா' என்கிறார்கள். ஃபிரான்சிஸின் படங்களை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

ஹேமர், அமிகஸ் கம்பெனிகளுக்கு வரிசையாகத் திகில் படங்கள் எடுத்தார். 'பாரனாயக்', 'நைட்மேர்', 'தி ஈவில் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்று நீளும் பட்டியல். ஒன்று ஓடினால் அதே மாதிரி இன்னொன்று வரும். அப்படியே மாட்டிக்கொண்டார். 1970இல் வந்த 'டிராக்' படத்தில் குரங்குமனிதனைப் பழக்கும் விஞ்ஞானியாக ஜோன் கிராஃபோர்டைப் பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டு டீ போடப் போனேன். நல்ல ஒளிப்பதிவாளர், மோசமான இயக்குநர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது இங்கே ரொம்ப சுலபம். எனக்கு அது போதவில்லை.

காரணம் 'டிராகுலா ஹேஸ் ரைசன் ஃபிரம் தி கிரேவ்' (1968). ஒளிப்பதிவு ஆர்தர் கிராண்ட். ஃபிரான்சிஸ் இயக்குநர் மட்டும்தான். ஆனால் டிராகுலா வரும் காட்சிகளில் சட்டகத்தின் ஓரங்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக எரிகின்றன. 'இன்னசென்ட்ஸ்' படத்தில் செய்த அதே வித்தை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஓரம் 'யாராவது நிற்கிறார்களா?' என்று கேட்டது. இங்கே 'டிராகுலா வந்துட்டார்' என்று அறிவிக்கிறது. கேள்வியாக இருந்தது போர்டாகிவிட்டது. ஹேமர் கதைகளில் பேய் உண்டா என்ற சந்தேகமே கிடையாது. டிக்கெட் வாங்கும்போதே தெரியும், உண்டு. ஒளிக்கு அங்கே மறைத்துவைக்க எதுவும் இல்லை.

விதிவிலக்கு 'தி ஸ்கல்' (1965). கடைசிப் பகுதியில் கிட்டத்தட்ட வசனமே இல்லை. மண்டையோட்டுக்குள் கேமரா இருப்பதுபோல், இரண்டு கண்குழிகள் வழியாக பீட்டர் குஷிங்கைப் பார்க்கிறோம். மறுபடியும் இருண்ட ஓரம், சுருங்கிய திரை! இந்த முறை பார்ப்பது அந்தப் பொருள். ஃபிரான்சிஸ் இயக்கியதில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள்.

அறுபதுகளின் நடுவில் விட்ட கேமராவை 1980இல் டேவிட் லிஞ்சுக்காக மறுபடி எடுத்தார், 'தி எலிஃபண்ட் மேன்' படத்துக்கு. கறுப்பு வெள்ளை, நீராவி, எரிவாயு விளக்கு. மெரிக்கின் உருவத்தைப் படம் நெடுநேரம் காட்டுவதில்லை. மருத்துவர்கள் முன் அவன் நிறுத்தப்படும் காட்சியில் திரைச்சீலைக்குப் பின்னால் நிழலுருவம் மட்டும்தான். அதற்கு முன்பு டிரீவ்ஸ் அவனை முதலில் பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது ஆந்தனி ஹாப்கின்ஸின் முகமும் வழியும் ஒரு கண்ணீரும். ஒளிக்கு மறைக்க ஒரு காரணம் மீண்டும் கிடைத்துவிட்டது. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்த படம், ஒளிப்பதிவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. இதற்கு இன்னும் எனக்குக் கோபம் வரும்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. 1985இல் அவர் இயக்கிய 'தி டாக்டர் அண்ட் தி டெவில்ஸ்'. மூலத் திரைக்கதை கவிஞர் டிலன் தாமஸுடையது. பாடம் நடத்தப் பிணம் வாங்கும் டாக்டர், அவருக்காகக் கொலை செய்கிறவர்கள். சந்தேகம் தளும்பும் கதை. படமோ தட்டையாகக் கிடக்கிறது. அப்படியானால் கதையில் சந்தேகம் இருந்தால் மட்டும் போதாது; கிளேட்டன் மாதிரி, லிஞ்ச் மாதிரி, இன்னொருவர் அதைச் சுமந்துகொண்டு செட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது. ஃபிரான்சிஸ் அதற்கு வெளிச்சம் வைப்பார். தானே சுமக்க அவருக்கு வரவில்லை. இது குறையா என்று கேட்டால், மேலே ஏறுவதுதான் வளர்ச்சி என்று நம்புகிறவர்களுக்குக் குறைதான்.

'குளோரி' (1989) படத்துக்கு இரண்டாவது ஆஸ்கர். கடைசிப் படம் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999), எடுத்தபோது வயது எண்பது. புல்வெட்டும் வண்டியில் ஒரு கிழவர் அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு அண்ணனைப் பார்க்கப் போகிறார். அந்த மனிதர் நிஜமாகவே போன வழியில், அதே வரிசையில் எடுத்த படம். வயல், சாலை, வானம், எல்லாம் பட்டப்பகல். ஓரங்களில் எதுவும் பூசவில்லை. முடிவில் அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு பேரும் உட்காருகிறார்கள். அண்ணன் வெளியே நிற்கும் அந்த வண்டியைப் பார்க்கிறார். வேறு பேச்சு அதிகமில்லை. கேமரா மேலே போகிறது, நட்சத்திரங்கள்.