அடித்தல் திருத்தலோடு ஒரு கவிஞன்

102 வரிகள் கொண்ட ஒரு கவிதை. முதல் வரியின் கடைசிச் சொல்லுக்கு இயைபு 102ஆம் வரியில்தான் வரும். இரண்டாம் வரிக்கு 101ஆம் வரியில். இப்படியே இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி வந்து, 51ஆம் வரியும் 52ஆம் வரியும் நட்டநடுவில் கைகோத்துக்கொள்ளும். படிக்கிறவர் காதில் இது விழவே விழாது. தொண்ணூறு வரிகளுக்கு முன்னால் ஒலித்த ஓசையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனாலும் வேல்ஸ் நாட்டுக் கவிஞன் டிலன் தாமஸ் 1952இல் இதைச் செய்து முடித்தான். தன் கவிதைத் தொகுப்புக்கு உரைநடையில் ஒரு முன்னுரை எழுதித் தருவதாகத்தான் முதலில் பேச்சு. உரைநடை வரவில்லை, இது வந்தது. கிட்டத்தட்ட ஓராண்டு இதோடு மல்லுக்கட்டினான். ஏன் இப்படி உன்னையே கட்டிப்போட்டுக்கொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று பதிப்பகத்தாருக்குக் கடிதமும் எழுதினான். அந்த ஒரு கவிதைக்காக அவன் எழுதி எழுதி ஒதுக்கிய தாள்கள் மட்டும் 160க்கு மேல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன.

இந்தத் தாள்கள்மேல் எனக்குப் பைத்தியம். அச்சான கவிதையை விடவும், அது அச்சாவதற்கு முன்பு பட்ட பாடு எனக்குப் பெரிதாகிவிட்டது. ஒரு சொல்லை அடித்து, மேலே இன்னொன்று எழுதி, அதையும் அடித்து, கடைசியில் முதலில் எழுதிய சொல்லுக்கே திரும்பி வருகிற ஒரு கையெழுத்தைப் பார்க்கும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. வாசகனாக இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பேறுகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டிலனின் தாள்கள் ஒரே இடத்தில் இல்லை. பதின்பருவத்து நோட்டுகள் நான்கு அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஐந்தாவது நோட்டு அவன் பிறந்த ஊரான ஸ்வான்சீயின் பல்கலைக்கழகத்தில். முதிர்ந்த காலத்து வரைவுகளில் பெரும்பகுதி டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஹாரி ரான்சம் மையத்தில். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலும் சில உண்டு. ஆஸ்டின் மையம் தன்னிடம் உள்ளவற்றை ஆயிரக்கணக்கான படங்களாக இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. விமானச் செலவு இல்லை, ஆய்வாளர் அட்டை வேண்டாம். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்தச் சுகத்தை அனுபவித்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் படுவது கையெழுத்து. சின்னச் சின்ன எழுத்துகள், உருண்டையாக, பள்ளிக்கூடப் பையன் எழுதியது போல. டிலனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மதுக்கடை. 39 வயதில் நியூயார்க்கில் செத்துப்போன குடிகாரக் கவிஞன், பிரமாதமான குரல், கடன், ரகளை. அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தாள்களுக்கு வருகிறவர் திகைத்துப் போவார். இங்கே இருப்பவன் பொற்கொல்லனின் பொறுமை உள்ளவன். லார்ன் என்ற சிற்றூரில், டாஃப் ஆறு கடலோடு கலக்கிற முகத்துவாரத்தைப் பார்த்தபடி ஒரு மரக்கொட்டகை. முன்பு கார் நிறுத்துகிற இடமாக இருந்தது. 1949இலிருந்து மதியம் இரண்டு மணி வாக்கில் அதற்குள் போனால் சாயங்காலம் ஏழு வரை அவன் வேலை நடக்கும். சுவரெல்லாம் சொற்பட்டியல்கள். ஓசை ஒத்த சொற்கள், மோனைக்கு உதவும் சொற்கள், ஒரு பொருளுக்குப் பல சொற்கள். தாள்களின் ஓரங்களிலும் அதே பட்டியல்கள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன.

டிலனை அமெரிக்காவுக்கு அழைத்துப்போன ஜான் மால்கம் பிரின்னின் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லை மாற்றினால் டிலன் அந்தச் சொல்லை மட்டும் மாற்ற மாட்டானாம். கவிதையை முதல் வரியிலிருந்து மறுபடி கையால் எழுதுவானாம். அப்படித்தான் ‘ஃபெர்ன் ஹில்’ கவிதைக்கு 200க்கு மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்தன என்கிறார் பிரின்னின். கவிதை ஒட்டுப்போட்ட துணியாகிவிடாமல் ஓர் உயிரைப் போல ஒன்றாக வளர வேண்டும் என்பதற்காக அந்த உழைப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ‘ஃபெர்ன் ஹில்’லைப் படிக்கிற விதமே மாறிவிட்டது. எங்கேயும் தையல் தெரியவில்லையே என்று வியந்திருக்கிறேன். இப்போது அந்த வியப்புக்குக் காரணம் தெரிகிறது, வியப்போ இரண்டு மடங்காகிவிட்டது.

பஃபலோ நோட்டுகளின் கதை வேறு. ஸ்வான்சீயில் 5, கும்டாங்கின் டிரைவ் என்ற வீட்டின் சிறிய அறையில், 1930 ஏப்ரலில் பதினைந்து வயதுப் பையன் ஒரு நோட்டில் கவிதைகளைப் படியெடுக்க ஆரம்பிக்கிறான். கவிதைகளுக்கு எண் போடுகிறான், தேதி போடுகிறான். 1934 வரை நான்கு நோட்டுகள். ஒரு மலரைத் தண்டின் வழியே உந்துகிற சக்தியையும் தன்னை உந்துகிற சக்தியையும் ஒன்றாகப் பார்த்த அந்தப் புகழ்பெற்ற கவிதை 1933 அக்டோபர் 12ஆம் தேதியிட்டு இவற்றில் ஒன்றில் இருக்கிறது. அவனுக்குப் பத்தொன்பது வயது ஆக இன்னும் இரண்டு வாரம் பாக்கி! உலகம் மனப்பாடம் செய்கிற கவிதையை அந்த வயதில் எழுதிவிட்டு, நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டி அடுத்த எண்ணைப் போட்டுத் தொடர்ந்து போயிருக்கிறான்.

அந்த நான்கு நோட்டுகள்தான் அடுத்த பல ஆண்டுகளுக்கு அவனுடைய களஞ்சியம். புதிதாக எழுத வராத போதெல்லாம் பழைய நோட்டைத் திறப்பான், பையனாக இருந்தபோது எழுதியதை எடுத்து மறுபடி செதுக்குவான். பூங்காவில் தனியாக உட்கார்ந்திருக்கும் கூனனைப் பற்றிய கவிதை 1932இல் நோட்டில் எழுதப்பட்டது, 1941இல்தான் இன்று நாம் படிக்கிற உருவத்துக்கு வந்தது. அதே 1941இல், கையில் காசில்லாமல், லண்டன் புத்தக வணிகர் பெர்ட்ரம் ரோட்டா மூலமாக நோட்டுகளை பஃபலோவுக்கு விற்றுவிட்டான். அந்த நூலகத்தில் சார்ல்ஸ் அபட் என்பவர் அப்போது ஒரு புதுமையான காரியத்தில் இறங்கியிருந்தார். உயிரோடு இருக்கும் கவிஞர்களிடம், உங்கள் நல்ல பிரதி வேண்டாம், நீங்கள் கசக்கிப் போடுகிற தாள்களைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்த மனிதர் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடத் தோன்றுகிறது. பிறகு ரால்ஃப் மாட் அந்த நோட்டுகளைப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பு கையில் இருந்தால் பதினைந்து வயதிலிருந்து பத்தொன்பது வரை ஒரு கவிஞன் உருவாவதைத் தேதிவாரியாகப் பின்தொடரலாம்.

ஐந்தாவது நோட்டு இருப்பதே யாருக்கும் தெரியாமல் பல பத்தாண்டுகள் ஓடின. டிலன் அதை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். குப்பைக் காகிதங்களோடு சேர்த்துச் சமையலறை பாய்லரில் போட்டு எரிக்கச் சொல்லி வேலைக்காரப் பெண்மணியிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் எரிக்கவில்லை. எடுத்து வைத்து, அப்படியே மறந்தும் போனார். டிலன் இறந்த செய்தியைப் படித்தபோதுதான் நினைவு வந்ததாக ஒரு குறிப்பு எழுதி நோட்டோடு வைத்தார். 2014இல், டிலனின் நூற்றாண்டில், அது லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஸ்வான்சீ பல்கலைக்கழகம் வாங்கியது. கட்டணங்களோடு சேர்த்து விலை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. இன்னும் அதிகம் கொடுத்திருந்தாலும் தகும்.

இனி நான் மிகவும் நேசிக்கிற தாள்களுக்கு வருகிறேன்.

‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் மைக்கேல் கெய்ன் குரலில் ஒரு கவிதை வருமே, முதுமை அடங்கிப் போகாமல் சீறி எழ வேண்டும் என்று கெஞ்சுகிற கவிதை, அது டிலன் தன் அப்பாவை நினைத்து எழுதியது. அப்பா டி.ஜே. தாமஸ் ஸ்வான்சீ பள்ளியில் ஆங்கில ஆசிரியர். மகனுக்குச் சின்ன வயதிலேயே ஷேக்ஸ்பியரைச் சத்தமாகப் படித்துக் காட்டியவர். 19 வரிகள், மொத்தமே இரண்டு இயைபு ஓசைகள். 1951இல் அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பும்போது, இதைக் காட்ட முடியாத ஒரே ஆள் என் அப்பாதான், தான் சாகப்போவது அவருக்குத் தெரியாது என்று டிலன் எழுதினான். 1952 டிசம்பரில் அப்பா இறந்தார். அதன் பிறகு அவருக்காக இன்னொரு கவிதையை ஆரம்பித்தான். அதை அவன் முடிக்கவே இல்லை. மறு வருஷம் நவம்பரில் அவனும் போய்விட்டான். அந்த இரங்கற்பாவுக்காக அவன் எழுதிய சுமார் 60 பக்கங்கள் மிஞ்சின. நண்பர் வெர்னன் வாட்கின்ஸ் அவற்றிலிருந்து ஒரு வடிவத்தைக் கட்டியெழுப்பி வெளியிட்டார்.

அந்தப் பக்கங்களோடு உட்காரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. சீறி எழு என்று அப்பாவிடம் கெஞ்சியவன் இப்போது அவர் எப்படிச் சத்தமில்லாமல் போனார் என்பதைச் சொல்லப் பார்க்கிறான். பெருமிதமும் கனிவும் ஒரே மனிதரில் இருந்ததை ஒரு வரிக்குள் வைக்கப் பார்க்கிறான். எழுதுகிறான், பிடிக்கவில்லை. இயைபுச் சொற்களை அடுக்கிப் பார்க்கிறான். திரும்ப முதலிலிருந்து. கவிதை நடுவில் நிற்கிறது. வாட்கின்ஸ் செய்தது அன்பான காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், முடித்து வைத்த வடிவத்தை விட அந்த முடியாத பக்கங்கள்தான் பெரிய இரங்கற்பா. ஒரு மகன் தன் அப்பாவைப் பற்றிச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டே இருக்கிறான். அந்தத் தேடலை எந்த அச்சுப் பிரதியும் காட்டாது.

‘அண்டர் மில்க் வுட்’ தாள்களில் வேறொரு டிலனைப் பார்க்கலாம். வேல்ஸ் கடலோரக் கற்பனை ஊர் ஒன்றின் ஒரு பகலும் இரவும், குரல்களால் மட்டுமே ஆன நாடகம் அது. அந்த ஊருக்கு அவன் கையால் வரைந்த வரைபடம் அபெரிஸ்ட்வித்தில் இருக்கிறது. யார் வீடு எந்தத் தெருவில் என்று அவனுக்கே குழப்பம் வரக் கூடாது அல்லவா! இன்னொரு தாளில், எதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பேராசை, வெறுப்பு, பொறாமை, வன்மம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். அவ்வளவு பிரியமான ஊரைப் படைத்தவன், அங்கே மனிதனின் கசடுகள் ஏதும் விடுபட்டுப் போனதா என்று கணக்குப் பார்க்கிறான்! இந்த ஒரு தாளுக்காக நான் அவனை இன்னும் கூடுதலாக நேசிக்கிறேன்.

1953 மே 14 அன்று நியூயார்க்கில் அது முதன்முதலாகப் பல நடிகர்களோடு அரங்கேறியபோது, திரை தூக்குகிற நேரம் வரை டிலன் எழுதிக்கொண்டே இருந்தான். கடைசிப் பக்கங்கள் அப்போதுதான் நடிகர்கள் கைக்குப் போயின. அக்டோபரில் அதன் மூலப் பிரதியையே லண்டனில் தொலைத்தான். நல்ல வேளையாக, பிபிசி தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவர்டன் அதற்கு முன்பே நகல் எடுத்து வைத்திருந்தார். அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவன் கையில் நகல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூலம் கிடைத்தால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லி, தேட வேண்டிய மதுக்கடைகளின் பெயர்களையும் சொல்லிவிட்டுப் போனான் டிலன். சோஹோவில் ஒரு கடையில் அது கிடைத்தது. அந்தப் பிரதி யாருக்குச் சொந்தம் என்று பின்னால் வழக்கே நடந்தது. 1966இல் தீர்ப்பு கிளெவர்டனின் பக்கம் வந்தது.

ஒரு தாள்கட்டு மட்டும் எந்தக் காப்பகத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது. 1953 மே மாதம் பாஸ்டனில் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி டிலனைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து ஓர் ஆபெரா எழுதுவதாகத் திட்டம். உலகம் அணுவால் அழிந்த பிறகு மனிதர்கள் மொழியை மறுபடி கண்டெடுப்பது கதை. சொற்கள் டிலனுடையவை, இசை ஸ்ட்ராவின்ஸ்கியுடையது. நினைத்துப் பாருங்கள்! ஒரு சொல்லுக்காக முழுக் கவிதையையும் மறுபடி எழுதுகிறவன், சொற்கள் பிறக்கிற கதைக்குச் சொல் எழுதியிருந்தால் எத்தனை நூறு தாள்கள் சேர்ந்திருக்கும்! டிலன் வந்து தங்குவதற்காக ஹாலிவுட் வீட்டில் ஸ்ட்ராவின்ஸ்கி புது அறை கட்டிக்கொண்டிருந்தார். நவம்பர் 9ஆம் தேதி மரணச் செய்தி வந்தது. அப்பாவுக்கான அந்த 19 வரிக் கவிதைக்கே ஸ்ட்ராவின்ஸ்கி இசை அமைத்தார். ஒரு டெனர் குரல், நான்கு தந்தி வாத்தியங்கள், நான்கு டிராம்போன்கள். 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் அரங்கேறியது. கேட்டதில்லை என்றால் உடனே தேடிக் கேளுங்கள்.

தாள்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முதலில் அச்சான கவிதையை வாய்விட்டு இரண்டு மூன்று முறை படித்துவிடுங்கள். டிலனே பாடிப் படிக்கிற ஒலிப்பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது. காதில் அது தங்கிய பிறகு ஆஸ்டின் காப்பகத்தின் படங்களைத் திறந்து, ஒரே ஒரு கவிதையின் வரைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்த சொற்களைப் பெரிதாக்கிப் படியுங்கள். அடித்த கோட்டுக்குக் கீழே சொல் தெரியும். அந்தச் சொல்லை வரியில் வைத்து ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தால், அவன் அதை ஏன் அடித்தான் என்பது பல இடங்களில் உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.