1844ஆம் ஆண்டுப் புதுச்சேரி மாமன்றமும் இன்றைய கலந்தாய்வும்

ஒரு மறைமாவட்டம் தன்னுடைய விழுமியங்கள் எவை, வரும் ஆண்டுகளில் எந்தப் பணிகளுக்கு முதலிடம் தருவது என்பவற்றைக் கூடிப் பேசி வரையறுப்பதற்குக் கத்தோலிக்க மரபில் மாமன்றம் என்று பெயர். ஆயர் தம் குருக்களையும் பிறரையும் கூட்டிக் கருத்துக் கேட்கும் இவ்வமைப்பு புதுச்சேரிக்குப் புதியதன்று. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்த பொன்னாந் ஆண்டகை அங்கே கூட்டிய மாமன்றம், ஆசியாவின் பிற மறைப்பணித் தளங்களுக்கும் வழிகாட்டும் அளவுக்குப் பெயர்பெற்றது. எனவே இம்முறையின் வலிமையையும் குறையையும் எடைபோட விரும்புவோர்க்குப் புதுச்சேரியே ஏற்ற களம்.

அம்மாமன்றத்தின் தலையாய சிறப்பு, அது தன் முன்னுரிமைகளை அறிக்கையாக மட்டும் விட்டுவைக்கவில்லை என்பதாகும். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, இளையோர்க்குக் கல்வி தருவது ஆகிய இரண்டையும் அது முன்னிறுத்தியது. அதே 1844இல் பெத்தி செமினேர் பள்ளி தோன்றியது. அக்டோபரில், மிஷன் அச்சகத்தை நடத்திவந்த துப்புயி அடிகளார், பெண்கல்விக்கென மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையை உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே நிறுவினார். மாமன்றத்தின் முடிவுகளை உரோமைக்கு எடுத்துச்சென்ற லுக்கே அடிகளார் அங்கே வாதாடியதன் விளைவாக, 1845 நவம்பர் 23ஆம் நாள் விசுவாசப் பரப்புதல் பேராயம், அதாவது மறைப்பணித் தளங்களைக் கண்காணிக்கும் உரோமைத் துறை, உள்நாட்டுக் குருக்களை ஆயர் பொறுப்புக்கும் தகுதியுடையோராகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று எல்லாத் தளங்களுக்கும் அறிவுறுத்தியது. ஒரு கடற்கரைப் பட்டணத்தில் பேசி முடித்த செய்தி உலகளாவிய கொள்கையாக மாறுவது திருச்சபை வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

ஆயினும் பள்ளியும் துறவற சபையும் அவ்வாண்டிலேயே உருப்பெற்ற புதுச்சேரியில், உள்நாட்டவர் ஒருவர் பேராயராக அமர 1955ஆம் ஆண்டு வரை, அதாவது அம்புரோஸ் இராயப்பர் பொறுப்பேற்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியே 1954 நவம்பர் முதல் நாளில் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்ட நிலையில், பேராயரின் இருக்கை அதற்கும் ஓராண்டு கழித்தே கைமாறியது. செலவையும் உழைப்பையும் மட்டும் கேட்ட முன்னுரிமைகள் உடனே நிறைவேறின. அதிகாரத்தை விட்டுக்கொடுக்கக் கேட்ட முன்னுரிமை நூற்றுப் பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. உரோமையின் தயக்கம், உள்நாட்டுக் குருக்களின் எண்ணிக்கைக் குறைவு போன்ற காரணங்கள் கூறப்படலாம். அவை காலத்தாழ்வை விளக்குமேயன்றி, அதன் நீளத்தை நியாயப்படுத்துமா என்பது ஐயமே.

இரண்டாவது குறை, யார் அவையில் இருந்தார்கள் என்பது. மாமன்றம் குருக்களுடையது, யாருடைய பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் திட்டமிடப்பட்டனவோ அந்தப் பொதுநிலையினர், அதாவது குருத்துவமோ துறவறமோ ஏற்காத இறைமக்கள், அதில் உறுப்பினராக இல்லை. இதற்கு முன்னும் புதுச்சேரியில் நெறிகள் மேலிருந்தே வந்தன. திருத்தந்தையின் தூதராக வந்து சில மாதங்களே தங்கிய தூர்னோன், 1704 ஜூனில் அங்கிருந்தே மலபார் சடங்குகளைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். மலபார் சடங்குகள் என்பன, இயேசு சபையினர் தமிழ்க் கிறிஸ்தவரிடையே தொடர அனுமதித்த சாதி, திருமணம் முதலியவை சார்ந்த வழக்கங்கள். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவ்விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். மறு ஆண்டு அக்டோபரில் புதுச்சேரிக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்துவைத்திருந்த சுவர் இடிக்கப்பட்டதையும், உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அதனால் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டுகிறது. சுவர் வீழ்ந்தது நன்மையே. ஆனால் எவருடைய ஒப்புதலும் பெறாமல் வீழ்த்தப்பட்ட சுவரை மக்கள் தம் மனத்தில் காத்துவைப்பார்கள் என்பதும், ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் சுவர் வீழ்ந்திருக்காது என்பதும் ஒருசேர உண்மை. கலந்தாய்வு முறையைப் போற்றுவோர் இந்த இரண்டாம் உண்மையை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த உலகளாவிய கலந்தாய்வு, முதல் குறையைக் களைய முயலாவிட்டாலும் இரண்டாவதைக் களைய முயன்றது. ஒன்றிப்பு, பங்கேற்பு, மறைத்தூதுப்பணி என்ற மூன்று சொற்களை முன்வைத்து, பங்குகளிலும் அன்பியங்களிலும், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்களிலும், எல்லாரிடமும் கேட்கச் சொன்னது. நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களைப் பேசச் செய்த வகையில் இதன் மதிப்பு பெரிது. இருப்பினும் ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் விடைகளைப் பத்துப் பக்கங்களுக்கு மிகாமல் தொகுக்க வேண்டும் என்பது வழிகாட்டி நூலின் விதி. அத்தனை சுருக்கத்தில் “அனைவரையும் அரவணைத்தல்” போன்ற பொதுச்சொற்களே தங்கும். எந்தத் தெருவில் தேர் வராது, எந்தக் கல்லறைக்கு எந்த வழியே பிணம் போகக்கூடாது என்ற விவரங்கள் உதிர்ந்துவிடும்.

இவ்விவரங்கள் புதுச்சேரிக்குத் தொலைவிலுள்ளவையல்ல. புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குட்பட்ட எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கும் வழிபாட்டிலும் இறுதி ஊர்வலத்திலும் சமவுரிமையும் கோரியபோது வன்னியக் கிறிஸ்தவர்களுடன் மோதல் மூண்டு, 2008 மார்ச்சில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தலித் மேம்பாட்டுக்கெனத் தமிழக ஆயர்கள் அதற்கு முன்பே செயல்திட்டம் வகுத்திருந்தனர். 2016இல் இந்திய ஆயர் பேரவையும் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. சமத்துவத்தை விழுமியமாக அறிவிக்கும் ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. அதை மீறும் பங்குக்கு என்ன நேரும் என்று சொல்லும் ஏடுகளுக்கே பஞ்சம்.

கலந்தாய்வின் உள்முரண் சட்டத்திலேயே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் விதிப்படி, பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. அப்பேரவையை அமைப்பதா வேண்டாமா என்பதும் ஆயரின் தீர்ப்புக்கு விடப்பட்டுள்ளது. அடுத்த விதியோ ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழுவைக் கட்டாயமாக்குகிறது. பணக்கணக்குக்குக் காட்டிய உறுதியைப் பணித்திட்டத்துக்குச் சட்டம் காட்டவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வாக்குரிமையைக் கொடுத்துவிட்டால் போதுமா என்று கேட்கத் தோன்றும். சீர்திருத்தக் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது முதல் பொதுநிலையினர்க்குத் தேர்தல் வழி இடமளித்துவருகிறது. அங்கே பதவிப்போட்டியும் வழக்குகளும் பெருகி, 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமிக்கும் நிலை வந்தது. பெரும்பான்மை வாக்கு, பெரும்பான்மைச் சாதியின் வாக்காகத் திரிந்துவிடும் ஊர்களில் தேர்தல் மட்டும் எறையூரின் சிக்கலைத் தீர்த்திருக்காது. தேவைப்படுவது, பேரவையின் பரிந்துரையை ஏற்காத பங்குத்தந்தை அதற்கான காரணத்தை எழுத்தில் தரும் கட்டாயமும், சிறுபான்மையோரின் முறையீட்டைப் பங்குக்கு வெளியே கேட்கும் அமைப்பும்.

2021இல் தொடங்கிய கலந்தாய்வின் நிறைவாக 2024 அக்டோபரில் முடிந்த உரோமை மாமன்றத்தின் இறுதி ஏடு இத்திசையில் ஓரளவு நகர்ந்துள்ளது: மேய்ப்புப்பணிப் பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும், ஆலோசனை வாக்கு பற்றிய சட்டச் சொல்லாட்சியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அது கேட்கிறது. அவ்வேட்டை நடைமுறைப்படுத்தியதை மதிப்பிட 2028 அக்டோபரில் வத்திக்கானில் திருச்சபைப் பேரவை கூடவிருக்கிறது. அதற்குப் புதுச்சேரியிலிருந்து செல்லும் அறிக்கை, எத்தனை கூட்டங்கள் நடந்தன என்பதை எண்ணிக் காட்டுவதோடு நிற்காமல், எத்தனை கல்லறைகளில் தடுப்புகள் நீங்கின, எத்தனை பங்குகளில் தேர் எல்லாத் தெருவுக்கும் சென்றது, எத்தனை பேரவைகளின் பரிந்துரைகள் மறுக்கப்பட்டன, எக்காரணத்தால் என்பவற்றையும் பெயர் சுட்டிச் சொன்னால், 1844இல் வெளியே நின்றவர்கள் அவைக்குள் வந்துவிட்டார்கள் என்று கொள்ள இடமுண்டு.