ஜெய்சல்மர் டூர் திட்டத்தில் தண்ணீர் எங்கே?

ஜெய்சல்மருக்குக் குழுவாகப் போகும் சுற்றுலாவின் திட்டத்தை யார் போட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு இரவு, மூன்று பகல். முதல் நாள் கோட்டை, பட்வா ஹவேலி, கடிசர் ஏரியில் படகு. இரண்டாம் நாள் படா பாக், குல்தாரா; மதியத்துக்கு மேல் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சம் மணல்மேடுகள். அங்கே நெற்றியில் திலகம், டோல் அடித்து வரவேற்பு, டீ, பக்கோடா. பிறகு ஜீப் சஃபாரி, ஒட்டகச் சவாரி, சூரிய அஸ்தமனம். ராத்திரி கலை நிகழ்ச்சி, தால் பாட்டி சூர்மா, அதுக்கப்புறம் டிஜே. குளியலறை இணைந்த கூடாரத்தில் தூக்கம். மறுநாள் டிபன் முடிச்சதும் லோங்கேவாலா, இல்லைன்னா ரயில்வே ஸ்டேஷன்.

சினிமாவை, நாவலை விமர்சனம் பண்றோம். ஒரு டூர் திட்டத்தையும் அதே மாதிரி விமர்சனம் பண்ணலாம்னு நினைக்கிறேன். அதுவும் ஒருத்தர் நமக்குக் கோர்த்துத் தரும் கதைதான். எதை முதலில் காட்டுவது, எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது, எந்த இடத்தில் என்ன சொல்வது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஜெய்சல்மர் டூர் சொல்லும் கதையைச் சுருக்கினால் இப்படி வரும்: இது ஒன்றுமே இல்லாத வெற்று நிலம், அதில் ராஜாக்கள் மட்டும் எப்படியோ அரண்மனை கட்டிவிட்டார்கள், மிச்சம் இருப்பது மணலும் பேயும் பாட்டும்.

இந்தக் கதையில் தண்ணீரைக் காணோம். பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் முக்கால்வாசி இடங்கள் உருவானதே தண்ணீரால்தான். டூர் நம்மை ஒவ்வொரு நீர்நிலையாகக் கூட்டிக்கொண்டு போகிறது. அது நீர்நிலை என்பதை மட்டும் சொல்வதில்லை.

கடிசரையே எடுத்துக்கலாம். படகு விடும் இடம், போட்டோ எடுக்கும் மண்டபங்கள், ஒரு தாசி கட்டியதாகச் சொல்லப்படும் நுழைவாயில். கைடு பெரும்பாலும் அந்த வாயில் கதையோடு முடித்துக்கொள்வார். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி சிங் பெயரால் அமைந்த இந்த ஏரி, பல நூறு வருஷம் அந்த ஊரின் குடிதண்ணீர். ஜெய்சல்மரில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் கீழே. சென்னையில் சுமார் 1,400. சென்னையில் ஒரு பலத்த மழைநாளில் கொட்டுவதை அங்கே ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்து ஒரு தலைநகரத்தையே நடத்தியிருக்கிறார்கள். ஏரிக்கு நீர் வழிந்து வரும் நிலத்துக்கு அங்கே ஆகோர் என்று பெயர். அதை அசுத்தம் செய்யாமல் காப்பது ஊர்க் கட்டுப்பாடு. இப்போது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீரும் கடிசருக்கு வருவதால் படகு ஓட்ட முடிகிறது. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் திட்டத்தில் இல்லை.

அடுத்தது கோட்டை. 1156ல் ராவல் ஜெய்சல் தொடங்கியது, 2013ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சொல்லப்படும். சொல்லப்படாத விஷயம் இது: பாலைவனத்துக் கோட்டைக்கு வந்திருக்கும் ஆபத்து, தண்ணீர் அதிகமாகிப் போனது! குடத்தில் சுமந்துவந்து சிக்கனமாகச் செலவழித்த காலத்துக்கென்று கட்டியது அது. குழாய் வந்தது, தங்கும் விடுதிகள் வந்தன, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பாத்ரூம் வந்தது. கழிவுநீர் அடிவாரத்து மண்ணுக்குள் இறங்கி, சுவரின் அஸ்திவாரத்தை இளக்கியது. ஆபத்தில் இருக்கும் நினைவுச் சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996லேயே இந்தக் கோட்டை சேர்க்கப்பட்டது. கோட்டைக்குள் அறை எடுப்பதை டூர் ஒரு தனிச்சிறப்பாக விற்கும்போது, வாங்குபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

படா பாக் என்றால் பெரிய தோட்டம் என்று அர்த்தம். நாம் பார்ப்பதோ வரிசை வரிசையாக அரசர்களின் நினைவு மண்டபங்கள். பாலைவனத்தில் ஏன் தோட்டம் என்று பெயர்? பக்கத்திலேயே ஒரு அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். அதை நம்பித்தான் தோட்டம். பேரிலேயே பதில் இருக்கு, கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்ட ஊர். சலீம் சிங் என்ற திவான் ஒரு பெண்மேல் ஆசைப்பட்டான். 84 ஊர் மக்களும் ஒரே ராத்திரியில் கிளம்பிப் போனார்கள். போகும்போது சாபம் விட்டார்கள். அதனால் இன்றுவரை யாரும் அங்கே தங்க முடியாது. இதுதான் கைடு சொல்லும் கதை. கேட்கச் சுவாரசியம்தான். ஆனால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது, வரிச்சுமையும் தண்ணீர் குறைந்ததும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பக்கத்து வாதம்.

எப்படிப் போனார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி, அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பது. பதில், கடீன். பாறைப்பாங்கான மேட்டு நிலத்தில் விழும் மழை வழிந்து தாழ்வான இடத்துக்கு வரும். அங்கே குறுக்கே ஒரு நீண்ட மண்கரை. தண்ணீர் கரைக்குள் நின்று மண்ணுக்குள் ஊறும். மழைக்காலம் முடிந்து நீர் வற்றியதும், அந்த ஈரத்தை மட்டும் நம்பி அதே இடத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். நம்ம ஊர் ஏரிக்குள்ளேயே, தண்ணீர் வடிந்த பிறகு பயிர் வைக்கிற மாதிரின்னு வச்சுக்கலாம். ஒரு பங்கு வயலுக்குச் சுமார் பதினைந்து பங்கு நீர்ப்பிடிப்பு நிலம் வேண்டும். அப்படியானால், வெறுமையாகத் தெரியும் அந்தக் கட்டாந்தரை வயலின் ஒரு பகுதி. அதில் ஒன்றும் விளையவில்லை. ஆனால் அது இல்லாமல் ஒன்றும் விளையாது. வெற்று நிலம் என்ற டூரின் மையக் கதையே இந்த இடத்தில் உடைகிறது. அதை உடைக்கும் ஊரைத்தான் பேய் ஊர் என்று காட்டுகிறார்கள்.

சாயங்காலம் சம். மணலைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த வெளிச்சம் நிஜமாகவே அழகு. ஒட்டகம் பற்றி ஒரு வார்த்தை. ராஜஸ்தான் 2014ல் அதை மாநில விலங்காக அறிவித்தது. நாடு முழுக்க எடுத்த கால்நடைக் கணக்கில் 2012ல் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகம் 2019ல் 2.5 லட்சமாகிவிட்டது. உழவுக்கும் வண்டிக்கும் தேவை குறைந்த பிறகு, சவாரிதான் பல ஒட்டகக்காரர்களுக்குப் பிழைப்பு. ஆகவே சவாரி போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ராத்திரி மேடையில் பாடுபவர்கள் பெரும்பாலும் மாங்கணியார்கள். முஸ்லிம்கள், பரம்பரை பரம்பரையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி, அவர்களின் வம்சாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள். கமாய்ச்சா என்ற வில் வாத்தியம் அவர்களுடையது. அதை வாசித்த சாகர் கானுக்கு 2012ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1960ல் கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான் இந்த இசை உலகத்தை ஒலிப்பதிவு செய்து காத்தது. கூடார மேடையில் இதில் எவ்வளவு வரும்? "கேசரியா பாலம்", இரண்டு சினிமாப் பாட்டு, ஆர்மோனியம், டோலக், காளபேலியா நடனம். ஒன்பதரைக்கு டிஜே. ராஜஸ்தானி நாட்டுப் பாடல்களில் பணிஹாரி என்று ஒரு வகையே உண்டு. தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணைப் பற்றியது. பகலில் கைடு விட்ட விஷயத்தை ராத்திரி பாடகர் சொல்லியிருக்க முடியும். கேட்க ஆள் இல்லை, நேரமும் இல்லை.

"லீவுக்கு ஜாலியா போறவங்களுக்குப் பாடம் நடத்தணுமா?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் இப்போதும் கதை சொல்லத்தான் செய்கிறார்கள். பேய்க் கதைக்கு இருபது நிமிஷம் ஒதுக்குகிறவர் கடீனுக்குப் பத்து நிமிஷம் தரலாம். கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. அதைவிட முக்கியம், வெற்று நிலம் என்று நம்பிவிட்டால் அங்கே என்ன செய்தாலும் தப்பில்லை என்று தோன்றும். குப்பை போடலாம், ஜீப்பை எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம், நீர்வழியை மறித்துக் கூடாரம் அடிக்கலாம். இது யாரோ ஒருவரின் ஆகோர் என்று தெரிந்தால் கால் கொஞ்சம் தயங்கும்.

ஆகவே டூரையே ரத்து பண்ணுங்க என்பது என் கட்சி இல்லை. போங்க. ஒவ்வொரு இடத்திலும் கைடிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்தக் காலத்துல இங்கே தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" குல்தாராவில் வீடுகளைப் பார்த்து முடித்ததும், கடீன் எந்தப் பக்கம் என்று விசாரியுங்க. ராத்திரி டிஜே தொடங்கும் முன், மைக்கை அணைத்துவிட்டு ஒரு பணிஹாரி பாடச் சொல்லிக் கேளுங்க, அதற்குத் தனியாகப் பணமும் கொடுங்க. பத்துக் குழு இப்படிக் கேட்டால் பதினோராவது குழுவுக்குக் கைடே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.