அறிவிப்பாளர் இல்லாத பாட்டு

வானொலியில் பழம்பாட்டுகள் ஒலிபரப்பப்படுவதைப் பற்றி இலக்கிய இதழொன்றில் எழுதுவது தகுமா என்று வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். இசை கேட்பது குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் அதற்கெனத் தனிப்பகுதி ஒன்றையே ஒதுக்கி ஆராய்ந்துள்ளார்கள். அந்தத் தீர்ப்பை நான் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஒலிபரப்புவோர் இருக்கின்றனர், கேட்போரும் இருக்கின்றனர். அப்பணி செம்மையாகச் செய்யப்படுகிறதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அண்மையில் அம்பத்தூரில் ஒரு தேநீர்க் கடையில் பழைய மாணவர் ஒருவருடன் அமர்ந்திருந்தேன். கடைக்காரர் வைத்திருந்த பண்பலை வானொலியில், 1957 இல் வெளிவந்த 'முதலாளி' படத்தின் ஏரிக்கரைப் பாட்டு ஒலித்தது. கே.வி. மகாதேவன் இசையில் டி.எம். சௌந்தரராசன் பாடியது. "என்ன இருந்தாலும் கண்ணதாசன் கண்ணதாசன்தான், ஹஜ்ரத்" என்றார் மாணவர். "தம்பி, இது கவி கா.மு. ஷெரீப் எழுதியதல்லவா?" என்றேன். அவர் நம்பவில்லை. அது அவர் குற்றமன்று. பாட்டு முடிந்ததும் விளம்பரம் வந்தது. எழுதியவர் பெயர் வரவேயில்லை.

கா.மு. ஷெரீப் யார்? 1914 இல் பிறந்து 1994 இல் மறைந்தவர், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் நின்று உழைத்தவர்; உமறுப் புலவரின் சீறாப்புராணத்திற்கு உரை கண்டவர். சீறாவுக்கு உரை எழுதிய கைதான் அந்த ஏரிக்கரைப் பாட்டையும் எழுதியது. அம்பத்தூர் ஏரியும் பருத்திப்பட்டு ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் சூழ்ந்த நம் பகுதியில் அப்பாட்டை முணுமுணுக்காத முதியவர் அரியர். ஆயினும் அதை எழுதியவர் நம்மவர் என்று அறிந்தோரும் அரியரே.

தமிழில் 'அறிவிப்பாளர்' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். வானொலியில் பேசுபவரும் அறிவிப்பாளர். ஹதீஸை எடுத்துரைக்கும் ராவியும் அறிவிப்பாளர். இரண்டையும் ஒரு தட்டில் வைப்பதாக எவரும் கொள்ள வேண்டா. மாநபி (ஸல்) அவர்களின் மொழி எங்கே, திரைப்பாட்டு எங்கே! எனினும் செய்தியொன்று கைமாறும்போது 'இது யாரிடமிருந்து வந்தது?' என்று கேட்கும் ஒழுக்கத்தை இஸ்னாத் என்னும் கலை நமக்குக் கற்பித்தது. அந்த ஒழுக்கம் ஹதீஸ் துறையோடு நின்றுவிடவில்லை. இலக்கியத்துக்கும் வந்தது, பாட்டுக்கும் வந்தது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி தொகுத்த 'கிதாபுல் அகானீ' இதற்குச் சான்று. கலீஃபா ஹாரூன் ரஷீத், இப்ராஹீம் அல் மவ்ஸிலீ முதலான இசைவாணரை அழைத்து நூறு பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். பின் நூற்றில் பத்தையும் பத்தில் மூன்றையும் தேர்ந்தனர். அத்தேர்வையே அடிப்படையாகக் கொண்டது அந்நூல். பாட்டொன்றை எடுத்தால், எழுதிய கவிஞர் யார், இசையமைத்தவர் யார், தாளம் எது, ஊத் நரம்பில் எவ்விரல் பதிய வேண்டும் என்பன யாவும் அங்குண்டு. கவிஞரின் வரலாறும் அதனைச் சொன்னவரின் பெயர்த்தொடரோடு வருகிறது. பழம்பாட்டு நிகழ்ச்சிக்கு அதனினும் மூத்த முன்மாதிரி நான் கண்டதில்லை.

நம் நாட்டு வானொலியின் கதையிலும் பெயர் சொல்வதே ஒரு வழக்காயிற்று. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16 இல் தொடங்கிற்று. 1952 இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையைக் குறைக்க முற்பட்டார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கருதி அதனை விலக்கினர். பாடியவர் பெயர் மட்டும் சொல்லப்பட்டது. தயாரிப்பாளர்கள் சினந்து, ஒலிபரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். 1957 அக்டோபர் 3 இல் விவித பாரதி பிறக்கும் வரை, அவ்வெற்றிடத்தை நிரப்பியது கடல் கடந்த இலங்கை வானொலி.

1950 இல் தொடங்கிய அதன் வர்த்தகச் சேவை நம் வீடுகளுக்குள் வந்ததற்கு இயற்கையும் துணை செய்தது. மத்திய அலை நிலத்தைவிட உப்புநீரின் மேல் நெடுந்தொலைவு செல்லும். இரவிலோ வான்மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும். ஆகவே கடலோர ஊர்களில் அது பகலிலும் தெளிவாய்க் கேட்டது. 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக்கு இருட்டிய பின் ஏறி இறங்கும் குரலாய் வந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழ் உச்சரிப்பு ஒரு பள்ளிக்கூடம். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என நிகழ்ச்சிக்கு வடிவமும் பெயரும் சூட்டினர். பாட்டைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, முன்னுரை தந்து வழங்குவதும் ஒரு தொகைநூற் பணியே என்பதை மெய்ப்பித்தனர். 1983 இன் இனக்கலவரத்துக்குப் பின் அக்கடற்பாலம் மெலிந்தது.

அலைவரிசை பொதுமக்கள் சொத்து என்று 1995 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் தனியார் பண்பலைகள் வந்தன. பழம்பாட்டுக்கென இரவு நேரத்தை அவை ஒதுக்குவது பாராட்டத்தக்கதே. ஆனால் குறைகள் மூன்று காண்கிறேன். ஒன்று, பழையவை என்னும் பெயரில் அறிந்த பாட்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. தேர்வு என்பது அறியாததைத் தேடிக் கொணர்வதும் ஆகும். இரண்டு, பாட்டின் முன்னிசை மீதே பேசிவிடுகின்றனர். இசையமைத்தவர் வாயிலில் கட்டிய தோரணம் அறுந்துவிடுகிறது. மூன்றாவதே பெருங்குறை: எழுதியவர் பெயரைச் சொல்வதில்லை. இந்த ஒன்றில் பழைய நிலையங்களும் முற்றும் தூயன அல்ல. பாடியோர் பெயர் வந்த அளவு எழுதியோர் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

'கைப்பேசியில் தேடினால் கிடைக்குமே' என்றார் மாணவர். தேடுபவருக்குக் கிடைக்கலாம். ஆனால் தமக்குத் தெரியும் என்று எண்ணுபவர் தேடுவாரோ? கண்ணதாசன் என்று உறுதியாய் நம்பியவர் எதற்காகத் தேட வேண்டும்? பெயர் சொல்லப்படாத இடத்தில் புகழ்பெற்ற பெயர் தானே வந்து அமர்ந்துகொள்கிறது. கண்ணதாசன் பெருங்கவிஞர், பிறர் பொருளால் அவர் பெருமை கூட வேண்டியதில்லை.

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நம் திருமணங்களிலும் மீலாது மேடைகளிலும் நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கணீர்க் குரல் ஒலிக்காத நாளில்லை. 2015 இல் அவர் மறைந்தபோது ஊரே கலங்கிற்று. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவரது புகழ்பெற்ற பாட்டை எழுதியவர் ஆர். அப்துல் ஸலாம் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஒலிபெருக்கியை வைப்பவர் நாமே, அறிவிப்பவரும் நாமே. அங்கும் பெயர் சொன்னோமில்லை. வானொலிக்காரர் மீது வழக்குத் தொடுக்க நமக்கு என்ன தகுதி? அன்று மாணவரிடம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்ட நான், வீடு திரும்பும் வழியில் இதை எண்ணி நாணினேன்.

வழி இல்லாமற் போகவில்லை. சமுதாய வானொலிக்கு இன்று அரசு உரிமம் அளிக்கிறது. 2004 இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது நாட்டுக்கே முன்னோடி. 100 வாட் ஆற்றலில் அது சுமார் 10 கிலோமீட்டர் எட்டும்; அம்பத்தூரில் ஒரு கோபுரம் நின்றால் ஆவடியும் அதன் எல்லைக்குள் வரும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வூரிலேயே ஆக்கப்பட வேண்டும் என்பது விதி. நம் கல்லூரிகள் அத்தகைய நிலையம் தொடங்கினால், பாட்டுக்கு முன் நான்கு பெயர்களைச் சொல்லட்டும்: எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வெளிவந்த ஆண்டு. அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கும் முன்னதாக, அடுத்த திருமணத்தில் ஒலிபெருக்கி வைப்பவரிடம் நாமே அதைத் தொடங்கலாம்.

உரியவருக்கு உரியதைச் சேர்ப்பிப்பது அமானிதம். பெயரும் ஓர் அமானிதமே. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.