சூது அதிகாரத்தில் வெற்றியும் கைத்திறனும்

திருக்குறளின் 94ஆம் அதிகாரமான 'சூது', தோற்பவருக்குக் கூறிய அறிவுரையாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. ஆயின் அதன் முதற்குறள் (931) வெற்றியையே பேசுகிறது. சூதில் பெற்ற வெற்றி, தூண்டில் முள்ளை இரையென மீன் விழுங்கியது போன்றது என்பது அதன் கருத்து. அங்குள்ள 'பொன்' என்னும் சொல்லுக்கு இரும்பு எனப் பரிமேலழகர் பொருள் கொள்வார். பெரியதாழை முதலான முத்துக்குளித்துறைக் கரையூர்களில் தூண்டில் தொழிலை அறிந்தோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். இரையைக் கவ்வும் கணமே மீன் அகப்படும் கணம். பேறும் இழப்பும் அங்கே இருவேறு நிகழ்வுகள் அல்ல.

கவறு, கழகம், கை ஆகிய மூன்றையும் கைவிடாதவர் வறியவராவர் என்கிறது 935ஆம் குறள். 'கை' என்பதற்கு ஆட்டத்திற்கு வேண்டிய கைத்தொழில் என்பது பரிமேலழகர் உரை. எனவே திறமையும் கடியப்படுகிறது. இவ்விடத்தில் குறள் நளன் கதையினின்று விலகுகிறது. சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னனிடம் கவறாடும் நுட்பம் கற்று, மீண்டும் ஆடி நாட்டைப் பெறுகிறான். அங்கே திறமை மருந்து. குறளில் அது நோயின் ஒரு கூறு.

இவ்விரு நோக்குகளுள் எது வாழ்வுக்கு அணுக்கமானது என்பதை எண்ண, அமெரிக்கச் சீட்டாட்டக்காரர் ஸ்டூ உங்கரின் (1953–1998) வாழ்க்கை உதவும். ஜின் ரம்மியில் அவரை எதிர்த்தாட ஆளில்லாத நிலையில் போக்கருக்கு மாறிய அவர், அதன் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்றார். சீட்டில் ஈட்டியதைப் பந்தயங்களில் இழந்தார். 1997இல் நுழைவுக் கட்டணத்தையே பிறர் செலுத்த நேர்ந்தது. 10 லட்சம் டாலர் பரிசு பெற்ற மறு ஆண்டே லாஸ் வேகாஸ் விடுதியொன்றில் 45ஆம் வயதில் இறந்தார். போதைப்பழக்கத்திற்கும் இதில் பெரும் பங்குண்டு. ஒருவர் வாழ்வு குறளுக்கு முழுச் சான்றாகாது. எனினும் அவரை மீண்டும் மீண்டும் ஆட்டக்களத்திற்கு அழைத்தது தோல்வி மட்டுமன்று, வெல்லும் ஆற்றலுமாகும்.

இவ்வாசிப்பு இன்றைய சட்ட விவாதத்திற்கும் பொருந்தும். ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் எனக் கொண்டு, தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றுக்கு விதித்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுச் சட்டமோ, திறன், வாய்ப்பு என்னும் பாகுபாடின்றி, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. சட்டம் எதை ஏற்க வேண்டும் என்பது வேறு வினா. 'கை'யையும் கவற்றோடு சேர்த்தெண்ணிய வள்ளுவர், திறமை ஒருவரைச் சூதினின்று காக்கும் என்னும் நம்பிக்கையை ஏற்கவில்லை என்பதே 'சூது' அதிகாரத்தின் தனித்தன்மை.